நான்காம் எழுத்து

திருத்துறைப்பூண்டியில் ரயிலடி போகிற வழியில்
என் பிளக்ஸ் கடை.
சதுர அடி பன்னிரண்டு ரூபாய்.
பதினோரு வருஷமாக
'வருக வருக'வைவிட அதிகம் அடித்த சொல்
டெல்டா.

டெல்டா பிரியாணி.
டெல்டா டிரைவிங் ஸ்கூல்.
டெல்டா நீட் அகாடமி, அதன் மாடிப்படிக்குக் கீழே
டெல்டா ஜெராக்ஸ்.
'டெல்டாவின் விடிவெள்ளியே' என்று
ஒரு வார்டு கவுன்சிலருக்குப் பதினைந்தடி உயரம்.
ஐப்பசி பிறந்தால் டிவியில்
டெல்டா மாவட்டங்களுக்கு விடுமுறை;
என் மகனுக்கு அது
லீவுக்கு இன்னொரு பெயர்.

எந்த ஊர்ச் சொல் என்று நான் கேட்டதில்லை.
ஒற்றைக்கொம்பு, ஒரு புள்ளி, ஒரு கால்.
கை தானாகப் போகும்.

இருபத்தொன்று ஜூனில்
செய்தியில் புதிதாக ஒரு டெல்டா.
"வியாதிக்குமாக்கா நம்ம ஊர் பேரு?"
சிரித்தான், மெஷின் ஓட்டிய தியாகேசன்.
பதினாறாம் நாள் அவன் படத்தை நான் வெட்டி
இரண்டு பக்கமும் புறா வைத்தேன்.
ஆறுக்கு நாலு.
ஓட்ட ஆளில்லை, நானே ஓட்டினேன்.
நெற்றியிலிருந்து கீழ்நோக்கி
பட்டை பட்டையாக வந்தது முகம்.
மீசைக்கு வரும்போது மை தீர்ந்தது.
திருவாரூர் ஆஸ்பத்திரியில்
பூட்டிய வார்டுக்கு இந்தப் பக்கம்
அவன் பெண்டாட்டி நின்ற மூன்று ராத்திரி
எந்த அளவு பிளக்ஸிலும் அடங்காது.

போன ஆனியில் முத்துப்பேட்டை ஹபீப் நெய்னா வந்தார்.
கப்பல் வேலை, நாலு மாத லீவு.
மச்சான் கடைக்குப் பலகை: டெல்டா டைல்ஸ்.
கரண்ட் இல்லை. காத்திருந்த நேரத்தில்
அவர் பாட்டுக்குச் சொன்னார்:

வயர்லெஸ்ஸில் டி என்றால் பி என்று கேட்கும்,
அதனால் டெல்டா என்போம்.
அதற்கொரு கொடி இருக்கிறது, மஞ்சள் நீலம் மஞ்சள்.
ஏற்றினால் அர்த்தம்,
விலகிப் போ, திரும்பச் சிரமப்படுகிறேன்.

யவனருக்கு நாலாம் எழுத்து அது, முக்கோணம்.
நைல் கடலில் விரிவதைப் பார்த்து
அந்த எழுத்தையே ஊருக்கு வைத்தார்கள்.
எழுத்தும் கடன்தான், பினீசியக் கப்பல்காரர்களிடம்.
அங்கே அதன் பேர் தாலத்.
தாலத் என்றால் கதவு.
"மதரஸாவில் நான் ஓதின தாலும்
அந்த வீட்டுப் பிள்ளைதான்."

மேஜைத் தூசியில் விரலால் வரைந்தார்,
ஒரு கதவு, சரிந்த கதவு, முக்கோணம்.
எனக்கு பிளஸ் டூ பிசிக்ஸ் நினைவு வந்தது:
முன்பு இருந்ததற்கும் இப்போது இருப்பதற்கும்
எவ்வளவு வித்தியாசமோ
அதற்கும் இதே குறி.
கரண்ட் வந்தது. அட்வான்ஸ் ஐந்நூறு.
அன்று மேஜையைத் துடைக்கவில்லை.

அடுத்த வாரம் கடைமடைக்காரர்கள்.
மேட்டூர் திறந்து இருபத்திரண்டு நாள்,
முள்ளியாற்றில் இன்னும் மணல்தான்.
நேரடி விதைப்பு முளைத்துக் கருகுகிறது.
"எட்டுக்கு நாலு, எழுத்து செவப்பு" என்றார் சிங்காரவடிவேலு.
"ஷட்டரைத் திற! டெல்டாவைக் காப்பாற்று!"

அடித்தேன்.
கொம்பில் விரல் நின்றது.
திரையில் எனக்கு மட்டும் வேறு மாதிரி தெரிந்தது:
கதவைத் திற.
கதவைக் காப்பாற்று.

கல்லணையில் கீல்,
கோடியக்கரை வரை பலகை,
இத்தனை பெரிய கதவுக்கு உள்பக்கம் எது?
நாங்கள் இருப்பது உள்ளேயா, வாசலிலா?

"சீக்கிரம் தாயி,
ரெண்டு மணிக்கு மறியல்."

பின்னணிக்கு என்ன கலர் என்று யாரும் சொல்லவில்லை.
மஞ்சள் நீலம் மஞ்சள் போட்டேன்.
"இது எந்தக் கட்சி?"
எந்தக் கட்சியும் இல்லை என்றேன்.
"அப்ப சரி. லாரிக்காரனுக்குத் தூரத்துலேருந்து
தெரியணும், அவ்வளவுதான்."

வேதாரண்யம் சாலையில் குறுக்கே கட்டினார்கள்.
உப்பு லாரிகள் வரிசையாக நின்றன.
ஹாரன் அடித்தவர்கள் சிவப்பு எழுத்தை மட்டும் படித்தார்கள்.
நெய்னா அதற்குள் கப்பலேறிவிட்டார்.

முந்நூற்று எண்பத்து நாலில்
இருநூறு கொடுத்தார் சிங்காரவடிவேலு.
மீதி
தண்ணீர் வந்ததும்.